எதிர்வீட்டு உம்மாவும் ரம்ஜான் மலரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ரம்ஜான் சிறப்புப் பக்கங்களில், 'முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இஸ்லாம் அறிமுகமாவதே பிரியாணி மூலமாகத்தான்' என்று எழுதியிருந்தீர்கள். இருபத்தெட்டு வருடமாகத் தங்கள் இதழை வாங்கிப் படிக்கிறவள் நான். அந்த வரியைப் படித்ததும் மனசு கஷ்டமாகப் போய்விட்டது.

நான் பிறந்து வளர்ந்தது நாகூர். இந்துக் குடும்பம். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் விடவில்லை என்றால், டாக்டரிடம் காட்டிய கையோடு அம்மா என்னைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். பொழுது சாய்ந்ததும் தொழும் மஃரிப் தொழுகை முடிகிற நேரம். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் வாசலில் நிற்பார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி, எங்கள் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். அந்த மூச்சோடு வந்த அத்தர் வாசனை இன்னும் நினைவிருக்கிறது. யார், என்ன மதம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எதிர்வீட்டு அம்மாவை அவர் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல நானும் உம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நோன்பு மாதத்தில் அவர் நகைகளையெல்லாம் பாயில் பரப்பி, நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டிய ஜக்காத்துக் கணக்கு. நாற்பதில் ஒரு பங்கு. "தர்மமா உம்மா?" என்று கேட்டேன். "தர்மம் இல்லம்மா, இது அவங்க பங்கு. நம்மகிட்ட இருக்கு, அவ்வளவுதான்" என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலமான நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தர்காவுக்குப் போவதே கூடாது என்கிற முஸ்லிம்களும் உண்டு. உம்மாவின் தம்பியே அப்படித்தான். அக்காவும் தம்பியும் திண்ணையில் வாதாடுவதைக் கேட்டுத்தான் அதையும் தெரிந்துகொண்டேன். இதெல்லாம் எழுதலாமே ஐயா. உமறுப் புலவர் 5,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகளின் வரலாற்றைத் தமிழில் பாடி வைத்திருக்கிறார். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிய மானுக்காக, வேடனிடம் நபிகள் பிணையாக நின்றதை அந்தச் சீறாப்புராணத்தில் படித்து அழுதவள் நான்.

இது முதல் தடவையும் இல்லை. போன வருடம் 'இனிய மொகரம் வாழ்த்துகள்' என்று வாணவேடிக்கைப் படத்தோடு போட்டிருந்தீர்கள். கர்பலாவில் நபிகளின் பேரர் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைத்து அழுகிற நாள் அது. பலர் நோன்பும் வைப்பார்கள். அப்போதே எழுதினேன், பதில் இல்லை. அப்புறம், எங்கே குண்டு வெடித்தாலும் தொப்பி போட்டுத் தொழுகிறவர்கள் படத்தைப் போடுகிறீர்கள். அதில் நிற்பவர் எனக்கு ஓதி ஊதியவராகக்கூட இருக்கலாம் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

எனக்கு நாகூர் கிடைத்தது. என் பேரன் சென்னையில் அடுக்குமாடியில் வளர்கிறான்; அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம்கூட இல்லை. நீங்களும் செல்போனும் சொல்வதுதான் அவனுக்கு இஸ்லாம். தங்கள் மலரைப் பார்த்துவிட்டு, "நோன்புன்னா டயட்டா பாட்டி?" என்று கேட்டான். விடியலுக்கு முன்பிருந்து பொழுது சாயும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் படாது என்பது மூன்று பக்கத்தில் ஒரு வரியாகக்கூட இல்லையே!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ரம்ஜானுக்கு அந்த மான் பாடல்களில் இரண்டைப் பொருளோடு போடுங்கள். மொகரத்துக்கு வாழ்த்துப் போடாதீர்கள். பிரியாணிச் செய்முறை தாராளமாக இருக்கட்டும், அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மயிலாடுதுறை