புகைபோக்கியை அடைப்பது ஈர விறகே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் உறைபனிக் காலம் நெருங்கிவிட்டதால் வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் கணப்பு அடுப்புகளைத் தயார் செய்யும் வேலை தொடங்கியிருக்கிறது. அடுப்பைத் துடைத்து, ஒரு வண்டி விறகை இறக்கி வைப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். கூரைக்கு மேல்வரை செல்லும் புகைபோக்கியின் உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை. அது எதனால் அடைபடுகிறது, அடைபட்டால் உயிருக்கே எப்படி ஆபத்தாகிறது என்பதை மலையில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இங்கே பெரும்பாலும் எரிக்கப்படுபவை சீகை எனப்படும் வாட்டில் மரமும், கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும்தான். இரண்டும் நல்ல விறகுகளே. ஆனால் பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் பெரும்பாலும் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அந்த ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே அது அடுப்பில் வைக்கத் தகுந்த விறகாகிறது. ஈர விறகு எரியும்போது வெப்பத்தின் ஒரு பகுதி உள்ளிருக்கும் நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடுவதால் தீ போதிய சூட்டை எட்டுவதில்லை. முழுமையாக எரியாத வாயுக்களும் நீராவியும் கலந்த குளிர்ந்த புகை மந்தமாக மேலேறுகிறது. புகைக்குழாய்க்குள் வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் இடங்களில் அந்தப் புகை சுவரில் படிந்து, கிரியோசோட் எனப்படும் கருமையான கசடாக மாறுகிறது. முதலில் அது உதிரும் கரியாக இருக்கும். தூரிகையால் எளிதில் எடுத்துவிடலாம். கவனிக்காமல் விட்டால் கண்ணாடி பூசியதுபோல் பளபளக்கும் கெட்டித் தாராக இறுகிவிடும்; அதைச் சாதாரணத் தூரிகையால் எடுக்க முடியாது. அது தீப்பற்றக்கூடிய பொருள். ஒரு நாள் அட்டையையோ சருகையோ போட்டுப் பெரிதாகத் தீ மூட்டும்போது அந்தக் கசடு பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள் வெப்பம் 1000 டிகிரியையும் தாண்டக்கூடும். பழைய கல் கட்டடங்களில் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்குகள் வழியாக அந்த வெப்பம் கூரையின் மரச் சட்டங்களை எட்டிவிடும்.

இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது, இரவு படுக்கப் போகும்போது அடுப்பு நிறைய ஈரக் கட்டைகளை அடுக்கி, காற்றுவழியை ஏறக்குறைய மூடிவிட்டு, விடியும்வரை புகைய விடும் வழக்கம். விறகு மிச்சமாகிறது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். உண்மையில், புகைபோக்கியில் கசடு சேர்வதற்கு இதைவிட வேகமான வழி வேறில்லை. காய்ந்த, சிறிதாகப் பிளந்த விறகைக் கொண்டு தெளிவான சுடரோடு இரண்டு மூன்று மணி நேரம் எரித்து, தீயை அதன் போக்கில் அடங்க விடுவதே நல்லது.

விறகு எடைக்கு விற்கப்படுவது இந்தக் கேட்டை வளர்க்கிறது. பாதி நீர் கொண்ட ஒரு டன் பச்சை விறகு 20 விழுக்காடு ஈரத்துக்குக் காய்ந்தால் 625 கிலோ மட்டுமே இருக்கும். மீதி 375 கிலோ தண்ணீருக்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோம். காய வைத்து விற்பவருக்கு நட்டம், பச்சையாக விற்பவருக்கு இலாபம் என்று இருக்கும்வரை நல்ல விறகு கடைக்கு வராது. எடைக்குப் பதில் அடுக்கின் நீள அகல உயரத்தை அளந்து விற்பதே நியாயம். வீட்டில் காய வைப்போர், கற்பூர மரம் காய்ந்தபின் பிளப்பது கடினம் என்பதால் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, தரையில் படாமல் உயர்த்தி, மேலே மட்டும் கூரையிட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைக்க வேண்டும். இரண்டு பருவமழைகளையும் வாங்கும் நம் மலையில் ஓராண்டுக்குக் குறைவாகக் காய வைத்த விறகை நான் நம்பமாட்டேன். இரண்டு கட்டைகளைத் தட்டினால் மந்தமான ஒலி வராமல் கணீரென்று ஒலிக்க வேண்டும்.

பழைய பங்களாக்களில் அகன்ற திறந்த கணப்புக்குள் புதிதாக இரும்பு அடுப்பைப் பொருத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுப்பின் குறுகிய குழாயை அந்தப் பெரிய கல் புகைபோக்கிக்குள் வெறுமனே நுழைத்து விட்டால், புகை அங்கே பரவி, வேகம் குறைந்து, குளிர்ந்து படிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சிவரை உள்ளே செலுத்துவது செலவுதான். ஆனாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

துப்புரவுக்கு ஏற்ற காலம் குளிர் முடிந்த மார்ச், ஏப்ரல் என்பது என் உறுதியான கருத்து. கரியை அப்படியே விட்டால் மழைக்கால ஈரம் அதில் ஊறி, அமிலத் தன்மையடைந்து, இரும்பை அரிப்பதோடு வீடெங்கும் நாறும். குளிர் தொடங்கும் முன், மைனா கூடும் தேன்கூடும் குழாயை அடைத்திருக்கின்றனவா, உச்சி மூடியின் வலையில் கரி அப்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தால் போதும். ஆண்டுக்கொரு முறை துப்புரவு கட்டாயம். கசடு 3 மில்லிமீட்டர் கனத்தை எட்டினால் அதற்குள்ளாகவே செய்ய வேண்டும். அடுப்புக் கதவின் விளிம்பிலுள்ள கண்ணாடி நார்க் கயிறு நைந்திருந்தால் மாற்ற வேண்டும். கதவிடுக்கில் வைத்த காகிதம் கதவை மூடிய பிறகும் எளிதாக உருவி வந்தால், அந்தக் கயிறு பழுதாகிவிட்டது என்று பொருள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். தணல் அதற்குள் நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

அடைபட்ட புகைபோக்கி புகையை அறைக்குள்ளேயே திருப்பிவிடுகிறது. சுடர் அடங்கித் தணல் மட்டும் இருக்கும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்கிறது. உறங்குபவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே தணல் இருக்கும்போது, புகைபோக்கியைத் திறந்து மூட உதவும் புகைவழித் தகட்டை மூடவே கூடாது. கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோவதையும் அறவே கைவிட வேண்டும். புகைபோக்கியில் தீப்பிடித்து உறுமல் ஒலி கேட்டால், அடுப்பின் கதவையும் காற்றுவழியையும் மூடிவிட்டு, அனைவரும் வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். சூடான கல் வெடிக்கும் என்பதால் தண்ணீர் ஊற்றக் கூடாது.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விருந்தினருக்குக் கணப்பு மூட்டித் தரும் விடுதிகள் பெருகியுள்ளன. வெளியூரிலிருந்து வருபவருக்கு இந்த ஆபத்துகள் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனவே விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, அவ்வாண்டில் புகைபோக்கி துப்புரவு செய்யப்பட்டதற்கான சான்றையும், கணப்புள்ள ஒவ்வோர் அறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருப்பதையும் உள்ளாட்சி அமைப்புகள் கேட்டுப் பெற வேண்டும். விறகுக் கடைகள் பச்சை விறகையும் காய்ந்த விறகையும் தனித்தனியே அடுக்கி, வெட்டிய மாதத்தை எழுதி வைக்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கோத்தகிரி.