அண்ணனின் ஸ்கேனைப் பார்த்தேன்

அன்புள்ள ராமு,

உன் கடிதமும் அண்ணனின் சிடி ஸ்கேன் படங்களும் வந்து சேர்ந்தன. நான் நலம். ஓய்வு பெற்றபின் படிப்பு கூடியிருக்கிறது, முட்டி வலியால் நடை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி, நெஞ்சில் கீழிறங்கும் இடத்தில் சாதாரணமாக இரண்டரை செ.மீ. அகலம்தான் இருக்கும். அண்ணனுக்கு அது வீங்கி 6.1 ஆகிவிட்டது. ஐந்தரையைத் தாண்டினாலே வெடித்துவிடுமோ என்ற கவலை வந்துவிடும். ஆகவே ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர்கள் சொன்னது சரிதான்.

நெஞ்சைத் திறக்காமலே முடியுமா என்று கேட்டிருக்கிறாய். முடியும். அதற்கென்று உலோகச் சட்டத்தோடு கூடிய ஒரு துணிக்குழாய் இருக்கிறது. அதைச் சுருக்கி, தொடை இடுக்குத் தமனி வழியாக ஏற்றி, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே வீங்கிய இடத்தில் விரிப்பார்கள். ரத்தம் குழாய்க்குள் ஓடும்; வீங்கிய சுவருக்கு அழுத்தம் குறையும். 1987-லேயே உக்ரைனின் கார்கிவ் நகரில் வொலோதோஸ் என்ற அறுவை மருத்துவர் நெஞ்சுப் பெருந்தமனியில் இதைச் செய்துவிட்டார். ஆனால் 1994-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மைக்கேல் டேக் குழு 13 நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. வொலோதோஸுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அண்ணி இதை 'ஊசி போடுகிற மாதிரி' என்கிறார்களாமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. குழாயின் மேல்முனை பிடித்து நிற்க, நல்ல தமனி சுமார் 2 செ.மீ. வேண்டும். அண்ணனுக்கு வீக்கம் இடது கைக்குப் போகும் தமனியை ஒட்டியே தொடங்குகிறது. அந்தக் கிளையின் வாயையே மூட வேண்டிவரலாம். பலருக்குக் கை தாங்கிக்கொள்ளும். ஆனால் அண்ணனுக்கு முன்பே இதய பைபாஸ் ஆகியிருக்கிறதே! மார்பின் இடது உள்தமனியை எடுத்து இணைத்திருந்தால், அது கிளம்புவதே அந்தக் கைத்தமனியிலிருந்துதான். வாயை மூடினால் அந்த வழியாக இதயத்துக்குப் போகும் ரத்தமும் நின்றுவிடும். அப்படியென்றால் முதலில் கழுத்துத் தமனியிலிருந்து கைத்தமனிக்கு மாற்றுவழி போட்டாக வேண்டும். பழைய ஆபரேஷன் குறிப்பைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டு. இது அவசரம்.

தண்டுவடத்தைப் பற்றியும் கேள். குழாய் நீளமாக மூடும்போது அதற்குப் போகும் சிறு கிளைகள் அடைபடும்; சிலருக்குக் கால்கள் செயலிழப்பதுண்டு. அதைத் தடுக்க, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரை வடித்து அழுத்தம் குறைக்க முதுகில் வடிகுழாய் வைப்பார்களா என்று தெரிந்துகொள்.

பிறகு ஸ்கேன். குழாயைச் சுற்றி ரத்தம் கசிந்தால் வீக்கம் மறுபடி வளரும், வலியே தெரியாது. அதனால் முதல் மாதத்தில் ஒன்று, ஓராண்டில் ஒன்று, அப்புறம் ஆயுள் முழுக்க. அண்ணன் இதற்குத்தான் முரண்டுபிடிப்பார்; அவரிடம் நானே பேசுகிறேன். பைபாஸ் குறிப்பு கிடைத்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
சங்கரன்