அண்ணாச்சிக்கு, பங்குனிப் பட்டியலோடு

அண்ணாச்சி,

இந்த வருஷப் பங்குனிப் பறவைப் பட்டியலை நேற்று ராத்திரி பறவை பார்ப்பவர்கள் குழுவில் போட்டுவிட்டேன். தோட்டக்கள்ளன் கடைசியாகக் கத்தியது ஏப்ரல் 9, ஆறுமணிக்குருவி என்ற இன்னொரு பேருக்கு ஏற்ப சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு. சூறைக்குருவிக் கூட்டம் மார்ச்சோடு காலி. கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்து ஒன்றுகூட இல்லை, எல்லாம் இமயமலை தாண்டக் கிளம்பியாச்சு. கடைசி வரியில் "மஞ்சள் மூக்கு ஆட்காட்டி, 2" என்று மட்டும் எழுதினேன், இடம் போடவில்லை. எழுதி முடித்தபோதுதான் ஒரு வருஷம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

நடந்தது உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த மத்தியானம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மணி வெயில், உடைமரத்து நிழலில் நாம் ரெண்டு பேரும் குப்புறப் படுத்துக் கிடக்கிறோம். ஆட்டுப் புழுக்கையும் சரளைக்கல்லும் கிடந்த பொட்டலில் நாலு முட்டை, கூர்முனை நாலும் நடுவில் சேர்ந்தாற்போல. ஒரு நொடி கண்ணை எடுத்தால் மறுபடி தேட வேண்டியிருந்தது. ஆட்காட்டி எழுந்து மோட்டார்த் தண்ணீர் தேங்கிய குழிக்கு ஓடியது. குடிக்கத்தான் போகிறது என்று நினைத்தேன். அது தண்ணீரில் உட்கார்ந்து, வயிற்றை முக்கி முக்கி நனைத்துக்கொண்டு, நாலடி ஓடி நின்று நாலடி ஓடித் திரும்பி வந்து, ஈர வயிற்றோடு முட்டைமேல் நின்றது. "தண்ணி சுமக்குது பாரு தம்பி" என்றீர்கள். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தீர்கள், வேர்வை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியே அதைப் படத்தோடு குழுவில் போட்டேன், மேப்பில் இடத்தையும் குறித்து. தப்புதான். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன், தப்புதான் அண்ணாச்சி.

ஆனால் பார்த்ததை மறைக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? பத்தாம் வகுப்பு லீவில் என்னைக் கூந்தன்குளத்துக்குக் கூட்டிப்போய், தெருவோரக் கருவேல மரத்தில் நாரை கூடு கட்டியிருப்பதைக் காட்டி, தீபாவளிக்குக்கூட இந்த ஊரில் வெடி போட மாட்டார்கள், 1994-ல் சர்க்கார் சரணாலயம் என்று அறிவிக்கும் முன்னாலேயே ஊரே பார்த்துக்கொண்டதுதான் இந்தப் பறவைகளை என்று சொன்னது நீங்கள்தானே. நாலு பேருக்குத் தெரிந்தால் நாலு பேர் காவல் இருப்பார்கள் என்றுதான் நானும் நம்பினேன். மரத்து உச்சியில் இருக்கிற நாரைக்கு ஊர் காவல். தரையில் முட்டையிடுகிற ஆட்காட்டிக்கு யார் கண்ணிலும் படாமல் இருப்பது மட்டும்தான் காவல். இது எனக்குப் புரிய நாலு முட்டை வீணாகப் போக வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு வந்தவர்கள் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர்களில் சிலர் இதைப் படிப்பார்கள், ரெண்டு பேர் அப்புறம் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். காலை ஒன்பதிலிருந்து ரெண்டு மணிவரை அந்த ஜோடி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியதாகவும் ஒரு தடவைகூட உட்காரவில்லை என்றும் சொன்னார்கள். அந்த வெயிலில் ஈரம் காட்ட ஆள் இல்லாத முட்டை என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் என்னை ஃபோனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து ரெண்டு அறை வைத்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அறுபது பேர் பார்க்கிற இடத்தில் "ஆட்காட்டி யார்னு இப்பத் தெரியுது" என்று ஒரே வரி எழுதிவிட்டு வெளியேறினீர்கள். அந்த வரியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஆளைக் கண்டால் கத்தி ஊரை எழுப்புவதால் அந்தப் பறவைக்கு அந்தப் பேர், அது குஞ்சைக் காப்பாற்றத்தான் கத்துகிறது. என்னை அதோடு சேர்த்தது எனக்கு வலித்ததைவிட அந்தப் பறவைக்குச் செய்த அநியாயமாகத்தான் பட்டது. டீக்கடையில் என்னைக் கண்டதும் பாதி டீயை வைத்துவிட்டுப் போனீர்களே, அதுவும் மறக்கவில்லை. கோபம் எனக்கும் இருக்கிறது அண்ணாச்சி.

உங்கள் முழங்கால் இப்போது தேவலையா? மதினியிடம் கேட்டேன், சரியாகச் சொல்லவில்லை.

குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கூடு, முட்டை, குஞ்சு எதற்கும் இடம் போடுவதில்லை, படமும் போடுவதில்லை. இதை முதலில் சொன்னது நான். கை தூக்காதவர்களும் நாலைந்து பேர் இருந்தார்கள், அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பட்டியலில் 2 என்று போட்டேன் இல்லையா, முட்டையும் இருக்கிறது. நாலு. போன வருஷத்து இடம் இல்லை, அங்கே போய் யாரும் தேட வேண்டாம். நான் பார்த்து 19 நாள் ஆகிறது. ஏறக்குறைய நாலு வாரத்தில் பொரிக்கும், பொரித்த அன்றே குஞ்சு எழுந்து ஓடிவிடும். வீட்டில்கூட யாரிடமும் சொல்லவில்லை. ரெண்டு நாளைக்கு ஒருதடவை ரோட்டிலிருந்தே பைனாகுலரில் பார்த்துவிட்டு நிற்காமல் வந்துவிடுகிறேன். நேற்றும் அது வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடி வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், சொல்ல ஆள் இல்லை.

எங்கே என்று நேரில்தான் சொல்லுவேன். ஞாயிறு காலை அஞ்சரைக்கு அதே டீக்கடையில் இருப்பேன்.