ரத்தத்தில் யூரியா எப்படி வந்தது, டாக்டர்?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் மருத்துவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நிற்பவன் நான். உங்களிடம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராக என்னிடம்தான் வருகிறார்கள். மாத்திரை வாங்குவது அப்புறம். முதலில் ரிப்போர்ட்டை மேஜைமேல் விரித்து, "தம்பி, இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்பார்கள். "நெகட்டிவ்னு போட்டிருக்கே" என்று கண்கலங்கி நின்ற ஒரு அம்மாவிடம், நோய் இல்லை என்பதைத்தான் அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று புரிய வைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது.

என் பெரியப்பா எதையும் காட்டவில்லை. சம்பா நடவு முடிந்த கையோடு அவருக்குக் கால் வீங்கியது. ரத்தம் எடுத்தார்கள். யூரியா 72, கிரியாட்டினின் 2.1. ரிப்போர்ட் கொடுத்தவர் "உப்பு ஏறியிருக்கு" என்றார். உள்ளே டாக்டர், "கிட்னி லேசா டேமேஜ், அடுத்த மாசம் வாங்க" என்றார். அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்த யூரியா 45 கிலோ மூட்டையில் வருவது. நாற்பது வருடம் வெறுங்கையால் வீசியதில் அது உடம்பில் ஏறிவிட்டது என்று முடிவு கட்டினார். மேலுரம் போட ஆள் வைத்தார். உப்பு ஏறியிருக்கிறது என்றார்களே, அதற்காகக் குழம்பில் உப்பை நிறுத்தினார். நாக்கு செத்துப்போனதும் யாரோ சொன்னார்கள் என்று இந்துப்பைத் தாராளமாகப் போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் உப்பைக் குறைப்பது கிட்னிக்கு நல்லதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் இருந்தது அந்த உப்பே இல்லை. இந்துப்பும் பெரும்பாலும் சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம் குளோரைடுதான்.

இத்தனை பத்தியத்துக்கும் நடுவில், முட்டி வலிக்கென்று தினமும் ராத்திரி ஒரு டைக்ளோஃபினாக் போட்டுக்கொண்டிருந்தார். அதை விற்றது என் கடை. சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்தது நான்.

இரண்டு மாதத்தில் கிரியாட்டினின் 3.4. அன்றைக்குத்தான் ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. திண்ணையில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்: "மூட்டை யூரியாவும் இதுவும் ஒரே பொருள்தான் பெரியப்பா, ஆனா கை வழியா ஏறல. பருப்பு, மீன், முட்டைன்னு நாம சாப்பிடுறதுல இருந்து ஈரல் உண்டாக்குறது. கிரியாட்டினின் சதையில இருந்து வர்ற கழிவு. ரெண்டையும் கிட்னி வடிச்சு மூத்திரத்துல விடும். வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சா வயல்ல தண்ணி நிக்குமே, அதுதான் இது. யாரும் கூடுதலாப் பாய்ச்சல. வலி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தையே குறைச்சிடும். தூர்ந்த வடிகால்ல இன்னும் மண்ணள்ளிப் போட்ட கதை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னடா?" என்றார். மாத்திரையை நிறுத்தினார். இப்போது 2.4இல் நிற்கிறது. பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

இதற்காக உங்களிடம் செந்தமிழில் எழுதுங்கள் என்று கேட்கப்போவதில்லை. 'நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு' என்று எழுதிக் கொடுத்தால், படிக்கத் தெரிந்தவரும் கதை முடிந்தது என்றுதான் நினைப்பார். கிட்னி பெயிலியர் என்பதும் அப்படித்தான். பெயில் என்றால் பெயில்தானே! இந்த நோயில் ஐந்து கட்டங்கள் உண்டு, மூன்றாவது கட்டத்தில் டயாலிசிஸ் இல்லாமலே பல வருடம் ஓட்டுகிறவர்கள் நிறைய என்று யார் அவர்களுக்குச் சொல்வது? "கிட்னி வடிக்கிற வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றால் போதும்.

சுகருக்கும் இதே பாடுதான். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் வாயைக் கட்டி, காலை சுகர் நன்றாக இருக்கிறது என்று மகிழ்கிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஹெச்பிஏ1சி 9 என்று வந்தால் லேப் மிஷினைத் திட்டுவார்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அத்தனை நாளும் அதில் படிந்த சர்க்கரையைத்தான் அந்த டெஸ்ட் அளக்கிறது. குறுவை நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரைக்குமான கணக்கு என்று சொல்லிப் பாருங்கள், மறுபேச்சு வராது.

உங்கள் சிரமம் தெரியாமல் எழுதவில்லை. ஆற்றில் தண்ணீர் வராத வருடம்கூட உங்கள் ஓ.பி.யில் கூட்டம் வற்றுவதில்லை. கேட்பது கொஞ்சம்தான். லேப் நடத்துகிறவர்கள் எண்ணுக்குக் கீழே இரண்டு வரி, பேச்சுத் தமிழில், அச்சடித்துத் தாருங்கள். 'உப்பு' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். டாக்டர்கள் கிரியாட்டினின் கூடியவரிடம் "வலி மாத்திரை போடுறீங்களா?" என்று கேளுங்கள். எழுந்து போகுமுன், "வீட்ல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால், புரிந்ததா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண்களிடம் இந்த விளக்கத்தையும் கொடுத்தனுப்பலாம்.

நான் இப்போது சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கொடுப்பதில்லை. யூரியா, கிரியாட்டினின், ஹெச்பிஏ1சி மூன்றுக்கும் தெரிந்தவரை விளக்கம் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். படித்தது மருந்துக்கான டிப்ளமோ, டாக்டர் படிப்பு இல்லை. அதனால் ஒரு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள்.