உன் ஆம்னியின் நீலப்புகை

வத்தலகுண்டு,
புதன்கிழமை காலை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து வீட்டில் அனைவரும் மகிழ்ந்தோம். பதில் தாமதமானதற்குக் காரணம், நீ எழுதியிருந்த உன் மாருதி ஆம்னி வேன் சமாச்சாரத்தை என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வரி வரியாகப் படித்துக் காட்டி, அவர் சொன்னதையும் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்ததுதான்.

காலையில் கிளப்பியவுடன் நீலப்புகை கக்குகிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது, மாதம் அரை லிட்டர் ஆயில் குறைகிறது என்று எழுதியிருக்கிறாய். இதற்கு உன் ஊர்ப் பட்டறையில் போரிங் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, ஃபுல் இன்ஜின் வேலை செய்ய வேண்டும் என்கிறார்கள். அதுவும் வேண்டாமென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து செகண்ட்ஸ் இன்ஜின் வரவழைத்து மாட்டிவிடலாம் என்கிறார்கள். தங்கச்சியோ காயலான் கடைக்குத் தள்ளிவிடச் சொல்கிறாள். மூன்றில் எதற்கும் இப்போது தலையாட்டாதே. அந்தப் பட்டறையில் இதுவரை ஒருவரும் இன்ஜினை அளந்து பார்க்கவில்லை என்பதுதான் உன் கடிதத்தில் என் கண்ணில் பட்டது.

நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அது எந்த வழியாக உள்ளே இறங்குகிறது என்பதைப் புகை வரும் நேரம் சொல்லும். வால்வுத் தண்டின் மேல் தொப்பி போலிருக்கும் ரப்பர் சீல் காலப்போக்கில் இறுகிவிட்டால், இரவெல்லாம் வண்டி நிற்கும்போது தண்டு வழியே ஆயில் கசிந்து கீழே தங்கி, காலையில் முதல் முறுக்கில் எரிந்து தீர்கிறது. அதனால்தான் புகை ஒரு நிமிடத்தில் அடங்குகிறது. பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருந்தால் அப்படி அடங்காது; பாரம் ஏற்றி ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் வருபவர் உன்னைத் திட்டும் அளவுக்குப் புகையும்; இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் குபுகுபுவென்று ஊதும். நீ எழுதியதைக் கேட்டவுடன் எங்கள் மெக்கானிக், "புகையை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரிக்கிறவர், தும்மலைக் கேட்டு நெஞ்சைப் பிளக்கிறவர் மாதிரி" என்றார். கொஞ்சம் மிகையாகப் பேசுவார், ஆனால் கைவேலைக்காரர்.

ஆகவே முதலில் கம்ப்ரஷன் செக் செய்யச் சொல்; அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று கேஜ் வைத்து அளப்பது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். பேட்டரி இளைத்திருந்தால் எண் பொய் சொல்லும். எந்தச் சிலிண்டராவது குறைவாகக் காட்டினால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்க்கட்டும். எண் சட்டென ஏறினால் தேய்மானம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ, சிலிண்டர்களுக்கும் அவற்றை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள கேஸ்கட்டிலோ. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக, நல்ல அளவில் இருந்தால் போரிங் பேச்சே எழக் கூடாது. வால்வு சீல் மாற்றி, வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் கைடு ஆடுகிறதா என்று பார்த்தால் போதும். அளந்து பார்க்கும் அரை மணி நேர வேலைக்கு இவ்வளவு தயக்கம் காட்டும் பட்டறையாக இருந்தால் வேறு பட்டறை பார்ப்பது நல்லது.

இவ்வளவு உறுதியாக நான் பேசுவதற்குக் காரணம், சென்ற சித்திரையில் என் வண்டியில் நானே பட்ட பாடு. அதை உனக்கு விவரமாக எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. நான்கைந்து மாதங்களாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நானும் பல் துலக்குவது போல நாள்தோறும் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு செம்பு ஊற்றிவிட்டுக் கிளம்பினேனே தவிர, ஒழுகாத தண்ணீர் எங்கேதான் போகிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. அது இன்ஜினுக்குள்ளே போய் ஆவியாகிப் புகைக்குழாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. காலையில் வரும் வெண்புகையைப் பனிக்கால ஆவி என்றே நினைத்தேன். பங்குனி வெயிலிலும் அது நிற்காதபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மருமகன் வீட்டாரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையேறினோம். பாதி மலையில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கியது. ஓரங்கட்டலாமா என்று யோசிக்கும்போதே விறுவிறுவென்று கீழே இறங்கிவிட்டது. காற்று பட்டுக் குளிர்ந்துவிட்டது என்று மகிழ்ந்து மேலும் இரண்டு வளைவு ஓட்டினேன். உண்மையில், சென்சாரைத் தொட்டுக்கொண்டிருந்த தண்ணீர் முழுவதும் தீர்ந்துபோனதால்தான் முள் இறங்கியிருக்கிறது. ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில்தானே, எனக்குத் தொடை சுட்ட பிறகே புத்தி வந்தது. நிறுத்தியதும் ஒரு கடைக்காரர் அன்போடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடும் என்று சொல்லி, மூடியையும் திறக்கவிடாமல், ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அன்று நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

ரெக்கவரி வண்டியில் இறக்கிக் கொண்டுபோன முதல் பட்டறையில் ஹெட் கேஸ்கட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் மறுபடியும் அதே கதை. இம்முறை ஆயிலில் தண்ணீர் கலந்து, ஆயில் மூடியின் அடியில் பால் ஆடை போல வெள்ளையாகப் படிந்திருந்தது. இப்போதைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் அளந்தபோது முதல் சிலிண்டர் சதுர அங்குலத்துக்கு 160 பவுண்டு அழுத்தம் காட்டியது. அடுத்தடுத்து இருக்கும் மற்ற இரண்டும் நூற்றுக்குக் கீழே. அவ்விரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் வெந்திருக்கிறது என்று பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். பிரித்ததும் ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்ச்சட்டத்தை வைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிக் காட்டினார். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணல் இருக்கக் கூடாதாம். என்னுடையது அதைத் தாண்டி வளைந்திருந்தது. வளைந்த ஹெட்டில் எத்தனை புதுக் கேஸ்கட் வைத்தாலும் நிற்காது. திண்டுக்கல்லில் ஒரு லேத்தில் ஃபேசிங் போட்டு, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி, வந்தோம்.

அதன்பிறகு ரேடியேட்டரைப் பிரித்துக் காட்டினார். என் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு, வீட்டுக் கெட்டிலின் அடியில் படிவது போலவே குழாய்களில் படிந்து பாதியை அடைத்திருந்தது. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடிக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஆக, சூட்டுக்குக் காரணம் நான் ஊற்றிய தண்ணீர், கோணலுக்குக் காரணம் அந்தச் சூடு. இப்போது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியையும் மாற்றினோம். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காமல் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும், மலை மேலே போகப் போக இன்னும் சீக்கிரம். புது ரேடியேட்டர் உட்பட எல்லாம் சேர்த்து 14,300 ரூபாய் ஆயிற்று. முதல் பட்டறையில் கொடுத்தது தனி. அதைத் தங்கச்சியிடம் சொல்லாதே, இங்கே வந்து சேர்ந்துவிடும்.

செகண்ட்ஸ் இன்ஜின் எனக்குப் பிடிக்கவில்லை. அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு யார் வாய்ச்சொல்லும் சாட்சியாகாது. அதோடு இன்ஜின் எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். உனக்கு 2028 வரை பதிவு இருக்கிறது, அதில் சிக்கலை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? உதிரிப்பாகத்துக்கும் நீ பயப்பட வேண்டாம். 1984 முதல் 2019 வரை தயாரிப்பில் இருந்த மாடல். கேஸ்கட்டும் சீலும் இங்கே சின்னக் கடைகளிலேயே கிடைக்கின்றன.

சீல் மாற்ற ஹெட்டைத் திறக்கும்போது டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் பார்த்துவிடு. எப்படியும் பெல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உன்னுடையது 1998ஆம் ஆண்டுக் கார்புரேட்டர் வண்டி என்பதால் பெட்ரோல் ஹோஸ்களையும் கையால் வளைத்துப் பார். இப்போது பங்கில் போடும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதற்குத் தாங்காமல் விரிசல் விட்டுக் கசிகிறது, அதுவும் சீட்டுக்கு அடியில்.

கம்ப்ரஷன் அளந்ததும் மூன்று எண்களையும் எழுதி அனுப்பு. ஆயில் விட்ட பிறகு வந்த எண்களையும் பக்கத்திலேயே எழுது. எங்கள் மெக்கானிக் வெள்ளிக்கிழமைகளில் பட்டறை திறப்பதில்லை, அதற்கு முன்னால் வந்தால் அன்றே கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்.