தோசைக்கல் உடைந்த கதை

அன்புள்ள சுப்பு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போதுதான் பேனாவைப் பிடிக்கிறேன். வலது கண்ணுக்கு அடுத்த மாதம்.

வீட்டில் ஒரு துக்கம். சிரிக்காதே. அம்மாவின் தோசைக்கல் போய்விட்டது. அறுபது வருஷம் உழைத்த கல். பேத்தி அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு குழாயைத் திறந்துவிட்டாள். 'டக்'கென்று ஒரு சத்தம். ஓரத்திலிருந்து நடு வரை விரிசல். முப்பது வருஷம் வார்ப்படப் பட்டறையில் கிடந்தவன், ஒருநாளாவது அவளிடம் சொல்லி வைத்தேனா?

உடைந்த வாயை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். வார்ப்பிரும்புக்கே உரிய அதே சாம்பல் நிறம். மூன்று சதவீதம் போல இருக்கும் கார்பன், கிராஃபைட் செதிலாகப் படிந்ததால் வருவது. லேத்தில் கடைந்தால் சுருள் வராமல் கறுப்புப் பொடியாக உதிருமே, அதுதான். ரேகையில் ஏறிய கறுப்போடு சாப்பிட உட்காராதே என்று தங்கச்சி உன்னைத் திட்டும். லேத்தைத் தாங்கும் அடிப்படுகையின் அதிர்வை வாங்கிக்கொள்வதும் அந்தச் செதில்தான், விரிசல் ஓட வழி விடுவதும் அதேதான்.

"அந்தக் கால இரும்பே தனி மாமா" என்கிறார் மருமகன். எனக்கு ஒப்பவில்லை. எஃகு வளைந்து கொடுக்கும், இது உடையும். இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மேல் 1779-இல் நிறுத்திய வார்ப்பிரும்புப் பாலம் இன்னும் நிற்கிறதென்றால், அது வில் மாதிரி வளைவாகக் கட்டியது. பாரமெல்லாம் அமுக்கமாக இறங்குகிறது. தச்சுவேலை மாதிரி நாக்கும் துளையுமாகப் பூட்டியிருக்கிறார்கள்! அதே இங்கிலாந்தில், டீ ஆற்றின் மேல் வார்ப்பிரும்பை நேர் உத்தரமாகப் போட்டார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1847-இல் ரயிலோடு விழுந்தது.

நான்ஸ்டிக் தவா வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதில் அலுமினியம் கெடாது, பூச்சுதான் கெடும். 260 டிகிரி தாண்டினால் ஆரம்பித்துவிடும். பூச்சு போனால் தவாவும் போச்சு. கல்லுக்குப் பூச்சு நாம் தடவும் எண்ணெய்தான். சூட்டில் இறுகிப் படியும். உரிந்தால் மறுபடி பழக்கிக்கொள்ளலாம்.

புதுக்கல் வாங்கி நாலு நாளாகப் பழக்குகிறேன். இன்னும் தோசை ஒட்டுகிறது. உன் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டாள்.

பழைய கல்லைக் காயலான் கடைக்குக் கொடுக்க மனசில்லை. வெல்டிங் என்று ஆரம்பிக்காதே. உன் பக்கம் ஏதாவது பட்டறையில் இரும்பு உருக்கும்போது இதையும் சேர்த்துப் போட்டு ஒரு கல் வார்த்துத் தருவார்களா, கேட்டு எழுது.

அன்புடன்,
பழனி