எருசலேமில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

வெள்ளிக்கிழமை மாலையில் உன் தெருமுனை ஜெப ஆலயத்திலிருந்து கேட்ட பாடல் எதுவென்று தொலைபேசியில் கேட்டாய். நீ பிடித்துவைத்திருந்த இரண்டு சொற்களைக் கொண்டு பார்த்தால் அது 'லெகா தோதி'யாகத்தான் இருக்க வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் வாழ்ந்த ஷ்லோமோ ஹலேவி அல்கபேட்ஸ் எழுதியது. முதல் எட்டுக் கண்ணிகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் அவர் பெயர் வரும். வெள்ளி மாலையில் தொடங்கும் யூதரின் ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கும் பாடல் என்றே சொல்வார்கள். ஆனால் அதன் கண்ணிகளில் பெரும்பாலானவை எருசலேமோடு பேசுகின்றன: அரச நகரமே, இடிபாடுகளின் நடுவிலிருந்து எழுந்திரு, கண்ணீரின் பள்ளத்தாக்கில் நீ தங்கியிருந்தது போதும் என்று.

நம் வேதாகமத்தில் ஆரோகண சங்கீதங்கள் என்ற தலைப்போடு வரும் பதினைந்தும், 120 முதல் 134 வரை, அந்த நகரத்துக்கு ஏறிப்போகிறவர்களின் பாட்டுகள். அவற்றில் 122-ஆம் சங்கீதம் வாசலில் வந்து நின்றுவிட்டவனின் மகிழ்ச்சி. ஆனால் எபிரெயப் பாடல்களில் என் மனத்தைப் பிடித்தவை, வந்து சேராதவர்கள் பாடியவை. சிறைப்பட்டுப் போய், பாபிலோன் ஆறுகளின் கரையில் அலரிச்செடிகளின்மேல் கின்னரங்கள் என்ற நரம்புக்கருவிகளைத் தூக்கிவைத்துவிட்டு அழுதவர்களை நீ ஞாயிறு பள்ளியிலேயே அறிவாய். எருசலேமே, உன்னை மறந்தால் என் வலதுகை தன் தொழிலை மறப்பதாக என்ற அவர்களுடைய சபதத்தை யூதர்கள் இன்றும் திருமணப் பந்தலின் கீழ் சொல்லி, மணமகன் காலால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைக்கிறான்; மகிழ்ச்சியின் உச்சியிலும் எருசலேமின் இடிந்த ஆலயம் நினைவில் இருக்க வேண்டும் என்பதற்காக.

12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த யூதக் கவிஞர் யெகூதா ஹலேவி, என் நெஞ்சம் கிழக்கில், நானோ மேற்கின் கடைக்கோடியில் என்று எழுதினார். வெறும் கவிதையோடு நில்லாமல் முதுமையில் புறப்பட்டு 1140-இல் எகிப்தை அடைந்து, மறு ஆண்டே இறந்துபோனார். எருசலேமைச் சீயோன் என்று விளித்து அவர் பாடிய புலம்பலில், உன் பாடல்களுக்கு நான் ஒரு கின்னோர் என்று ஓர் அடி உண்டு. கின்னோர்தான் நம் சங்கீதப் புத்தகத்தின் கின்னரம். அந்தச் சொல்லை எங்கே கண்டாலும் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் கழித்து இஸ்ரேலியப் பாடலாசிரியர் நவோமி ஷெமர் அதே அடியை எடுத்துத் தம் 'பொன்னான எருசலேம்' பாடலின் பல்லவியில் வைத்தார். 1967 மே 15 அன்று பாடகி ஷூலி நாதன் அதை எருசலேமில் முதன்முதலாகப் பாடினார். அப்போது நகரம் இரண்டாகப் பிளந்திருந்தது. பழைய நகரம் யோர்தான் நாட்டின் வசம். மூன்று வாரங்களில் போர் வந்தது, பழைய நகரம் இஸ்ரேலின் கைக்கு மாறியது, ஷெமர் திரும்பி வந்ததைக் கொண்டாடும் கண்ணி ஒன்றைச் சேர்த்தார். இசையில் எனக்கு அதைவிட இனியது குறைவு. என்றாலும் சந்தைவெளி வெறிச்சோடிக் கிடக்கிறது என்ற அடி என்னை உறுத்துகிறது. அந்தச் சந்தையில் அரபு மக்கள் வாழ்ந்துகொண்டும் விற்றுக்கொண்டும்தான் இருந்தார்கள். இஸ்ரேலிய எழுத்தாளர் அமோஸ் ஓஸ் அன்றே இதை எடுத்துச்சொன்னார், அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஏங்கியவனின் கண் தான் இழந்ததை மட்டுமே பார்க்கிறது. நீ அந்தச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவள், ஆகவே உனக்கு இதை எழுதுகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை ஜெப ஆலயத்தின் வெளியே சற்று நின்று கேள். கடைசிக் கண்ணியில் எல்லாரும் வாசலை நோக்கித் திரும்பித் தலைவணங்குவார்கள். 'லெகா தோதி'க்கு ஊருக்கு ஊர் மெட்டு வேறு; அங்கே எதைப் பாடுகிறார்கள் என்று அறிய ஆசைப்படுகிறேன். ஓய்வுநாளில் அதைக் கடைப்பிடிப்பவர்கள் மின்கருவி எதையும் இயக்குவதில்லை, எனவே கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம். மெட்டைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குப் பாடிக் காட்டு.

அன்புடன்,
அப்பா